தாத்தாவின் பெட்டியில் ஒரு போர்த் துப்பாக்கி: வைத்துக்கொள்வதா, விற்பதா, ஒப்படைப்பதா?

2012 டிசம்பரில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபர்ட் நகரக் காவல்துறை, வீடுகளில் வேண்டாமல் கிடக்கும் துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டு அன்பளிப்பு அட்டை வழங்கும் முகாம் ஒன்றை நடத்தியது. அங்கே ஒரு பெண்மணி, தம் தந்தை இரண்டாம் உலகப்போரிலிருந்து நினைவுப்பொருளாகக் கொண்டுவந்த துப்பாக்கியை ஒப்படைக்க வந்தார். அதை வாங்கிப் பார்த்த காவலர்கள் திகைத்தனர். அது ஜெர்மானியப் படை போரின் பிற்பகுதியில் பயன்படுத்திய எஸ்டிஜி 44 என்னும் தாக்குதல் ரைஃபிள். சேகரிப்பாளர் சந்தையில் 20,000 டாலருக்கும் மேல் போகக்கூடியது. பழைய இரும்பாக உலைக்குப் போகவிருந்த பொருள், துப்பாக்கிகளை அறிந்த இருவர் அன்று பணியில் இருந்ததால் தப்பியது.

இச்செய்தியைப் படிப்பவர் பலரும் "அடடா, எவ்வளவு பணம் போயிருக்கும்" என்று நினைப்பார்கள். என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதத்தில் செய்யப்பட்ட இரண்டு எஸ்டிஜி 44 துப்பாக்கிகளில் ஒன்று அமெரிக்காவில் ஒரு நல்ல காரின் விலைக்கு விற்கப்படலாம். மற்றொன்று ஒரு செல்லாக்காசும் பெறாது, வைத்திருப்பவரைச் சிறைக்கும் அனுப்பலாம். இரண்டுக்கும் இரும்பில் வேறுபாடு இல்லை. வேறுபாடு அரசின் பதிவேட்டில் உள்ள ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே முன்னாள் படைவீரர் ஒருவர் மறைந்தபின் அவர் பெட்டியைத் திறக்கும் குடும்பத்தார், இதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன்பாக, இதற்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். கீழே நான் ஒப்பிடும் வழிகள் அனைத்தும் அந்தக் கேள்வியின் விடையிலிருந்துதான் பிரிகின்றன.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர். அவர்களுள் மிகச் சிலரே இன்று உயிரோடு இருக்கிறார்கள்; அதனால்தான் இப்பெட்டிகள் இப்போது திறக்கப்படுகின்றன. எதிரியிடமிருந்து கைப்பற்றிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக அன்று வெளிப்படையான அனுமதியே இருந்தது. 1944 மே மாதத்தில் போர்த்துறை வெளியிட்ட 155 எண் சுற்றறிக்கையின்படி, மேலதிகாரி கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ் இருந்தால் வீரர் தம் போர்நினைவைத் தாயகத்துக்கு எடுத்துச் செல்லலாம். தானியங்கித் துப்பாக்கிகள் இந்த அனுமதிக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் அவை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுத் தபாலிலும், தோள்பையின் அடியில் துணிக்குள் சுற்றப்பட்டும் ஊர் வந்து சேர்ந்தன. வியட்நாம் காலத்திலும் இதே கதைதான்: பாதித் தானியங்கியான எஸ்கேஎஸ் ரைஃபிளுக்கு முறையான தாள் கிடைத்தது, முழுத் தானியங்கியான ஏகே துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை.

சிக்கல் குறைந்த வகையை முதலில் பார்த்துவிடலாம். லூகர் பி08, வால்தர் பி38, ஜப்பானிய நம்பு முதலிய பிஸ்டல்களும், மவுசர், அரிசாகா முதலிய கைவிசை ரைஃபிள்களும் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் சாதாரணத் துப்பாக்கிகளே. அவற்றுக்கு மத்தியப் பதிவு தேவையில்லை. உயில் வழியாகவோ, உயிலின்றி வாரிசுரிமை வழியாகவோ வருபவை, வேறு மாநிலத்தில் வசிக்கும் மகனுக்கோ பேத்திக்கோ போவதையும் கூட்டாட்சிச் சட்டம் விலக்காக அனுமதிக்கிறது. பெறுபவர் கடுங்குற்றத் தண்டனை போன்ற காரணங்களால் துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவராக இருக்கக்கூடாது. அவர் வாழும் மாநிலத்தின் சட்டத்துக்கும் அவர் கட்டுப்பட்டவர். இந்த வகையில் வைத்துக்கொள்வதா விற்பதா என்பது குடும்பத்தின் விருப்பம் மட்டுமே. விற்பதானால் மூன்றைச் செய்யாதிருந்தால் போதும்: மெருகேற்றக்கூடாது, தேய்த்துத் துரு நீக்கக்கூடாது, உடன் கிடைத்த தாள்களை அதனிடமிருந்து பிரிக்கக்கூடாது. வரிசை எண்கள் ஒத்துப்போகும் ஒரு லூகருக்கு, அதைக் கைப்பற்றிய வீரரின் பெயரோடு மேலதிகாரியின் சான்றிதழும் இருந்தால் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுப்பார்கள். அரிசாகாவில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை அராவப்படாமல் இருந்தால் அதற்கும் மதிப்பு கூடும்.

இங்கே இரண்டு விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க அரசுச் சொத்து என்ற முத்திரையுள்ள எம்1911ஏ1 பிஸ்டல், எதிரியிடமிருந்து கைப்பற்றப்பட்டது அன்று. அதை அரசு பிற்காலத்தில் முறையாக விற்றிருக்கலாம், அல்லது தாத்தா திருப்பிக் கொடுக்காமல் வந்திருக்கலாம். எது என்று தெளிவாகும்வரை விற்பனைக்கு வைப்பது நல்லதல்ல. தோளில் பொருத்தும் மரக்கட்டையோடு வரும் பழைய மவுசர், லூகர் பிஸ்டல்கள் வேறொரு சிக்கல். கட்டையைப் பொருத்திய அக்கணமே சட்டம் அதை, மத்தியப் பதிவு தேவைப்படும் குறுங்குழல் ரைஃபிளாகக் காணக்கூடும். அசல் கட்டையுடன் கூடிய பல வகைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்த விலக்கில் தம்முடையது அடங்குமா என்று பார்த்தபிறகே பொருத்த வேண்டும். கையெறிகுண்டு போன்ற எதுவும் கிடைத்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. தொடாமல் விலகி, வெடிகுண்டு நிபுணர்களை அழைக்க வேண்டும்.

மெய்யான முடிவு, பெட்டிக்குள் இருப்பது இயந்திரத் துப்பாக்கியாக, அதாவது விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கியாக, இருக்கும்போதுதான் வருகிறது. எம்பி 40, எஸ்டிஜி 44, கொரியப் போரிலிருந்து வந்த பிபிஎஸ்எச் 41, எப்போதாவது வான்குடைப் படையினரின் எஃப்ஜி 42 ஆகியன இந்த வகையில் அடங்கும். இவற்றை ஆளும் தேசியச் சுடுகருவிச் சட்டம் 1934இல் வந்தது. தடைசெய்யாமல் வரி போட்டது அச்சட்டம்: ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர். அன்றைக்கு அத்தொகை ஒரு இயந்திரத் துப்பாக்கியின் விலைக்கே ஈடானது. 90 ஆண்டுகள் கடந்தும் அது ஒரு டாலர்கூட ஏறவில்லை என்பது அமெரிக்க வரி வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. பின்னர் 1968 ஜனவரியில், பதிவு செய்யச் சொல்வது ஒருவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லவைப்பதாகும் என்று ஹேன்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதும், சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அத்திருத்தத்தோடு 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை ஒரு பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு மாதத்தில் எவரும் தம்மிடமுள்ள பதிவில்லாத துப்பாக்கியைக் கேள்வியின்றி, வரியின்றிப் பதிந்துகொள்ளலாம். பல வீரர்கள் பதிந்தார்கள். இன்னும் பலர் செய்தித்தாளில் அதைக் கவனிக்கவில்லை, அல்லது அரசை நம்பவில்லை. அந்த ஒரு மாதத்தில் தாத்தா அஞ்சலகம் போனாரா என்பதே இன்று பேரனின் விதியைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது கதவு 1986 மே 19 அன்று மூடியது. அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், அந்நாளுக்கு முன் சட்டப்படி இருந்த இயந்திரத் துப்பாக்கிகளைத் தவிர வேறெதையும் தனியார் வைத்திருக்கவோ கைமாற்றவோ கூடாது என்றது. பதிவேட்டின் தனியார் பகுதி அன்றோடு உறைந்தது. புதிதாக ஒன்றும் சேராது; தேவையோ கூடிக்கொண்டே போகிறது. எம்பி 40 ஒன்றின் விலை 20,000 டாலரைத் தாண்டியதற்கும், மொத்தமே ஏழாயிரம் அளவில் செய்யப்பட்ட எஃப்ஜி 42, ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போவதற்கும் இந்த உறைவே முதற்காரணம். பதிவுள்ளதன் விலையை உயர்த்திய அதே சட்டம்தான் பதிவில்லாததன் விலையைச் சுழியாக்கியது.

தாளைத் தேடுவது எப்படி? பணிவிடுப்புச் சான்று, பழைய கடிதக்கட்டு, வங்கிப் பெட்டகம், குடும்ப பைபிளின் பக்கங்கள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தேட வேண்டியவை 1968 பொதுமன்னிப்பில் பயன்பட்ட 4467 எண் படிவமும், வரி முத்திரை ஒட்டிய பழைய கைமாற்றப் படிவங்களும். மேலதிகாரி கையெழுத்திட்ட போர்நினைவுச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. அது வீரர் அதைத் திருடவில்லை என்பதற்குச் சான்று, பதிவு அன்று. குடும்பங்கள் அடிக்கடி இடறும் இடம் இதுதான். தாள் கிடைக்காவிட்டாலும் பதிவு இருக்கக்கூடும். பதிவேட்டை வைத்திருக்கும் கூட்டாட்சி முகமையான ஏடிஎஃப், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் உயில் நிறைவேற்றுநர் கேட்டால் தேடிச் சொல்லும். வரித் தகவல் என்பதால் மற்றவருக்குச் சொல்லாது. மறுதலையாக, பதிவேட்டில் இல்லாமல் வீட்டில் மட்டும் ஒப்புதல் பெற்ற படிவம் இருப்பதும் உண்டு. அப்போது அந்தத் தாளைக் காட்டிப் பதிவைச் சேர்க்க முடியும். ஆகையால் அத்தகைய படிவத்தின் மூலத்தைக் கையைவிட்டு விடாமல் நகலை மட்டும் கொடுப்பது அவசியம். அந்த மஞ்சள் நிறத் தாள் துப்பாக்கியைவிட விலை உயர்ந்தது.

இக்கேள்வியை முகமையிடம் யார் கேட்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. குடும்பத்தார் தாமே தொலைபேசியில் அழைத்து வரிசை எண்ணைப் படித்துக் காட்டுவதைவிட, இத்துறை அறிந்த வழக்கறிஞர் வழியாகக் கேட்பது நல்லது. முகமை பொதுவாக இத்தகைய வாரிசுகளைத் துரத்துவதில்லை என்றாலும், விடை "பதிவில்லை" என்று வருமானால் அடுத்த நிமிடம் முதல் நீங்கள் தெரிந்தே தடைப்பொருளை வைத்திருப்பவர் ஆகிவிடுகிறீர்கள். 1994இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், தம்மிடமுள்ளது தானியங்கி என்றே அறியாதவரைத் தண்டிக்க முடியாது என்றது. 1971இல் ஃப்ரீட் வழக்கிலோ, பதிவில்லை என்று தெரியாது என்ற வாதம் செல்லாது என்று ஏற்கெனவே கூறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அது இயந்திரத் துப்பாக்கி என்று அறிந்த பின்னர் அறியாமை ஒரு கேடயம் ஆகாது. தண்டனை 10 ஆண்டு சிறைவரை போகலாம்.

பதிவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதை இரண்டுதான். சட்டபூர்வ வாரிசு 5ஆம் படிவத்தின் மூலம் வரியின்றிப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்று, உயில் அல்லது வாரிசுச் சான்று, விரல்ரேகை ஆகியவை தேவைப்படும். வேறு மாநிலத்து வாரிசுக்கும் இது பொருந்தும். சொத்துப் பங்கீடு முடியும்வரை நிறைவேற்றுநர் அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பது கைமாற்றமாகக் கருதப்படாது. ஆனால் அந்தப் பங்கீடு முடிவதற்குள் பெயர்மாற்றம் நடந்திருக்க வேண்டும். விற்பதானால் 4ஆம் படிவம், 200 டாலர் வரி. 2026 ஜனவரியிலிருந்து ஒலியடக்கிகளுக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் இந்த வரி நீங்கிவிட்டது. இயந்திரத் துப்பாக்கிக்கு நீங்கவில்லை.

இவ்விரண்டில் எது மேல்? மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு துப்பாக்கியைப் பங்கிட முடியாது. அப்போது விற்றுப் பணத்தைப் பிரிப்பதே சண்டையைத் தவிர்க்கும். வாரிசு வாழும் மாநிலம் தனியார் இயந்திரத் துப்பாக்கியைத் தடைசெய்திருந்தால், வைத்துக்கொள்வது என்ற வழியே அடைபடுகிறது. வைத்துக்கொள்வதில் பலர் எண்ணாத இன்னொரு சுமையும் உண்டு. பதிவு ஒருவர் பெயரில் இருக்க, பெட்டகத்தின் எண் வீட்டில் நால்வருக்கும் தெரிந்திருந்தால், மற்ற மூவரும் அதைத் தம் வசம் வைத்திருப்பதாகவே சட்டம் கருதக்கூடும். துப்பாக்கியில் ஆர்வமில்லாத வாரிசு, பாட்டனின் நினைவு என்பதற்காக மட்டும் இந்தச் சுமையை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிந்த ஏலநிறுவனம் ஒன்றிடம், படிவங்களோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். சுடமுடியாதபடி குழலையும் தோட்டா அறையையும் அடைத்து ஒட்டிய பழைய "செயலிழந்த போர்நினைவு" வகையும் இங்கேயே அடங்கும். 1968க்கு முன் அவை பதிவுக்கு வெளியே இருந்தன. அவ்வாண்டுத் திருத்தத்துக்குப் பின் அவற்றுக்கும் பதிவு வேண்டும். ஒட்டிவைத்ததாயிற்றே, பொம்மைதானே என்று சுவரில் மாட்டியிருக்கும் குடும்பங்கள் உடனே கவனிக்க வேண்டியது இது.

பதிவு இல்லையென்றால்தான் நெஞ்சம் வலிக்கும் ஒப்பீடு தொடங்குகிறது. வாரிசு அதைப் புதிதாகப் பதிய எந்த வழியும் இல்லை. அபராதம் கட்டியும் முடியாது, தாத்தா பெற்ற வீரப்பதக்கத்தைக் காட்டியும் முடியாது.

மிகப் பலர் தேர்ந்தெடுப்பது பேசாமல் இருப்பது. 75 ஆண்டு பரணில் கிடந்தது, இன்னும் 25 ஆண்டு கிடக்கட்டும் என்று நினைக்கிறார்கள். காலம் கடந்தால் குற்றம் காலாவதி ஆகும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. கொண்டுவந்த குற்றம் தாத்தாவோடு முடிந்திருக்கலாம். வைத்திருக்கும் குற்றம் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது. இன்னொரு பொதுமன்னிப்பு வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 90 நாள்வரை மன்னிப்புக் காலம் அறிவிக்கும் அதிகாரம் 1968 சட்டத்திலேயே நிர்வாகத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. அதன்பின் ஒருமுறைகூட அது இதற்காகப் பயன்படவில்லை. போர்வீரர் குடும்பங்களுக்கு மட்டும் பதிவு வாய்ப்பளிக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதை நம்பி ஒரு குடும்பம் தன் தலையைப் பணயம் வைப்பது நியாயமாகாது.

ஹார்ட்ஃபர்ட் முகாம் போன்ற இடத்தில் கொடுப்பது அடுத்தது. எளிது, அன்றே முடியும். ஆனால் கொடுப்பவர் கையில் மிஞ்சுவது அன்பளிப்பு அட்டைதான். பெரும்பாலான முகாம்களில் சேர்பவை உருக்கப்படுகின்றன. கேள்வி கேட்கமாட்டோம் என்ற வாக்குறுதி உள்ளூர்க் காவல்துறையினுடையது. அது கூட்டாட்சி அரசைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியம்: பதிவு உண்டா என்று பார்க்காமலே கொடுத்துவிட்டவர், சட்டபூர்வமான 20,000 டாலரை உலைக்குள் போட்டிருக்கக்கூடும். எனவே பதிவைத் தேடிய பிறகும் இது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

முகமையிடம் வழக்கறிஞர் மூலம் கைவிட்டு ஒப்படைப்பது மூன்றாவது. முகமையே உயில் நிறைவேற்றுநர்களுக்குச் சொல்லும் வழியும் இதுதான்: சொத்தில் பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கி இருந்தால் தங்கள் கள அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்கிறது. குடும்பத்தின் பாதுகாப்பை மட்டும் அளந்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. அரசு வசமாகும் இத்தகைய ஆயுதத்தைப் பொது ஏலத்தில் விற்கச் சட்டம் இடம்தருவதில்லை. அது அழிக்கப்படும், அல்லது அரசின் பயன்பாட்டுக்கே போகும்.

எனக்குப் பிடித்தது நான்காவது. அரசு அமைப்புகள் மட்டும் 10ஆம் படிவத்தின் மூலம் பதிவில்லாத துப்பாக்கியைத் தம் பெயரில் பதிந்துகொள்ள முடியும். காவல்துறையும் இதில் அடங்கும், அரசுக்குச் சொந்தமான அருங்காட்சியகமும் அடங்கும். தேசியப் பூங்காச் சேவையின் கீழுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை, வெஸ்ட் பாயிண்ட் அருங்காட்சியகம் போன்றவை அரசின் கையில் இருப்பவை. எவ்வளவு புகழ்பெற்றதாயினும் தனியார் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்துக்கு இந்த வாயில் இல்லை. அதுவும் உங்களைப் போலவே தடைப்பொருளை வைத்திருக்க முடியாத ஒரு தனியார்தான். அப்படிப் பதியப்பட்டது பின்னர் அரசு அமைப்புகளுக்குள் மட்டுமே கைமாறலாம். ஒரு டாலரும் வராது. அருங்காட்சியகங்களும் வருவதையெல்லாம் ஏற்பதில்லை. பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்பி 40 அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அவர்களை இசையவைப்பது பெரும்பாலும் துப்பாக்கியன்று, அதனோடு வரும் வரலாறு: எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த மாதம், கைப்பற்றிய கதையைச் சொல்லும் கடிதம். இந்த ஏற்பாட்டுக்குச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் துப்பாக்கியைக் காரில் ஏற்றி அருங்காட்சியக வாசலுக்குக் கொண்டுபோவது மிகப்பெரிய தவறு. பதிவில்லாததை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது தனிக் குற்றம். அது இருக்கும் இடத்திலேயே பூட்டியிருக்க, வழக்கறிஞரும் உள்ளூர்க் காவல்துறையும் அருங்காட்சியகமும் பேசி முடித்து, அரசின் கை வந்து எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றுக்கு நடுவே ஒரு சமரச வழியும் உண்டு. சட்டத்தின் கண்ணில் இயந்திரத் துப்பாக்கி என்பது அதன் ரிசீவர், அதாவது விசையும் அடைப்பும் அமரும் உடல்பகுதி. அதை அழிக்கவோ ஒப்படைக்கவோ செய்துவிட்டு, மரக்கட்டை, குழல், தோட்டாப்பெட்டி முதலியவற்றைக் குடும்பம் வைத்துக்கொள்ளலாம் அல்லது விற்கலாம்; முழுத் துப்பாக்கியின் விலையில் சிறு பங்கே கிடைக்கும். கராஜில் ரம்பத்தால் தாமே அறுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது ஆபத்து. எத்தனை இடத்தில், எவ்விதம் வெட்டினால் அது அழிந்ததாகும் என்பதற்கு முகமை வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது. அரைகுறையாக வெட்டியது மீட்டெடுக்கக்கூடிய இயந்திரத் துப்பாக்கியாகவே எண்ணப்படும். அரிய வகைகளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எஃப்ஜி 42 ஒன்றை வெட்டுவது சில ஆயிரம் டாலருக்காக ஓர் ஆவணத்தைக் கிழிப்பது போன்றது. எங்கும் கிடைக்கும் எம்பி 40 என்றால், அருங்காட்சியகமும் வேண்டாம் என்றுவிட்டால், இது ஏற்கத்தக்கதே.

எந்த வழியில் போனாலும், ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே வழக்கறிஞரின் அறிவுரைப்படி துப்பாக்கியின் இருபக்கமும் வரிசை எண்களும் முத்திரைகளும் தெரியும்படி படம் எடுத்து வைக்கலாம். போர்நினைவுச் சான்றிதழும் கடிதங்களும் அந்த இளைஞன் சீருடையில் நிற்கும் நிழற்படமும் எந்தச் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டவை அல்ல. அருங்காட்சியகத்துக்கு அவற்றின் நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கொடைப் பத்திரத்தில் தாத்தாவின் பெயரும் படைப்பிரிவும் எழுதப்பட வேண்டும் என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.